திடீர்னு கிளம்ப ஒரு தேதி!

தலைப்பு: பயணத்தில் பெரிதும் மகிழ்ச்சி தருவது திட்டமிட்டுச் செல்வதா? நினைத்தவுடன் கிளம்புவதா?
லண்டன் மேடையில், ‘நினைத்தவுடன் கிளம்புவதே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! கையில குறிப்பும், அந்தக் குறிப்புக்கு ஒரு நகலுமா உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! லண்டன்ல அபூர்வமா வெயில் அடிக்கிற ஒரு சாயங்காலம், அதையும் விட்டுட்டு எங்க பேச்சைக் கேக்க வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

ஐயா, எதிரணியில இப்பப் பேசிட்டுப் போன தம்பி மூணு கேள்வி கேட்டாரு. “திட்டம் போடாமப் போனா எங்கே தங்குவீங்க? எதைச் சாப்பிடுவீங்க? காரை எங்கே நிறுத்துவீங்க?” நல்ல கேள்விகள்தான். ஆனா நாலாவதா ஒரு கேள்வி இருக்கு. அதை அவர் கேக்கவே இல்லை. “திட்டம் போட்டுக்கிட்டே இருந்தா, எப்பப் போவீங்க?” (கைதட்டல்)

அந்த நாலாவது கேள்விக்கு எங்க வீட்டுல நடந்த ஒரு பதில் இருக்கு. அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கேன்.

எங்க அப்பா விருதுநகர் மாவட்டத்துல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல 31 வருஷம் பூகோள வாத்தியார். மழை பெஞ்சா அதிசயம்னு சொல்ற ஊரு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் ஆங்கிலக் கால்வாயைப் பாடம் நடத்துவார். கரும்பலகையில இங்கிலாந்து வரைபடத்தைக் கையெடுக்காம ஒரே இழுப்புல வரைவார். “இந்தப் பக்கம் இங்கிலாந்து, அந்தப் பக்கம் பிரான்சு. டோவர்கிட்ட ரெண்டுக்கும் நடுவுல 34 கிலோமீட்டர்தான். கரை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை”ம்பார். நானும் அந்த வகுப்புல மூணாவது பெஞ்சுல உட்கார்ந்து கேட்டவதான்.

2018 ஜனவரியில அப்பா எங்க வீட்டுக்கு, ஈஸ்ட் ஹாமுக்கு வந்தார். பார்வையாளர் விசா ஆறு மாசம். வந்து இறங்கின அன்னைக்கே, குளிருக்குப் போட்ட கம்பளித் தொப்பியைக்கூடக் கழட்டாம எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டார். “மாப்ளே, இங்கேருந்து கடல் எவ்வளவு தூரம்?”

எங்க வீட்டுக்காரரைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். கம்ப்யூட்டர் வேலை. காய்கறி வாங்கப் போனாலும் எக்செல்ல ஒரு பட்டியல் போட்டுத்தான் கிளம்புவார். எங்க கல்யாணத்துக்குக்கூட என் பேரு அஞ்சாவது வரிசையில இருந்திருக்கு. மேல இருந்த நாலும் சரிப்பட்டு வரலை. (சிரிப்பு)

அவர் சொன்னார்: “மாமா, இந்த நாட்டுல எந்த ஊர்ல நின்னாலும் கடல் 113 கிலோமீட்டருக்குள்ளதான். ஒரு நல்ல வாரக்கடைசியாப் பாத்து, திடீர்னு கிளம்பிடுவோம்.”

ஐயா, அந்தத் ‘திடீர்’க்கு அவர் போட்ட திட்டம் இருக்கே! எக்செல்ல ஊர் ஊரா வரிசை. பிரைட்டன், மார்கேட், விட்ஸ்டபிள், ஈஸ்ட்போர்ன், டார்செட் பக்கம் டர்டில் டோர். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே தூரம், கார் நிறுத்தக் கட்டணம், விடுதி வாடகை, கழிப்பறை வசதி, மழை வர வாய்ப்பு. கடைசியா, மணலா கூழாங்கல்லான்னு ஒரு கட்டம். “மாமாவுக்கு முழங்கால் வலி. பிரைட்டன்ல கூழாங்கல்லு. மார்கேட்ல மணலு”ம்பார். நான் சொல்வேன், “எங்கப்பா மணலைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தார்? ஆத்துமணல் எங்க ஊர்லயே நிறையப் பாத்தவர். அவர் பாக்க வந்தது வெள்ளைப் பாறையை.” உடனே பாறைக்கு ஒரு கட்டம் புதுசா முளைக்கும்.

மார்ச் மாசம் குளிர். ஏப்ரல்ல மழை. மே மாசம் ரெண்டு நாள் விடுமுறை சேர்ந்து வந்துச்சு, ரோடு பூரா நெரிசலா இருக்கும்னு போகலை. ஒரு வாரம் விடுதி கிடைச்சது. ஆனா வாரக்கடைசியில ஒரு ராத்திரிக்கு மட்டும் அறை கிடையாது, ரெண்டு ராத்திரி எடுத்தாத்தான் உண்டுன்னுட்டாங்க. இன்னொரு வாரம் நண்பர் வீட்டு வளைகாப்பு. கடைசியா ஒருநாள், எங்க வீட்டுக்காரர் ரொம்பச் சந்தோஷமா வந்து சொல்றார்: “எல்லாம் முடிவாயிருச்சு. ஜூலை 14ஆம் தேதி, சனிக்கிழமை, காலை 8.15க்கு நாம திடீர்னு கிளம்புறோம்!” (சிரிப்பு, கைதட்டல்)

நான் கேட்டேன், “என்னங்க, அப்பாவுக்கு ஊர் திரும்ப டிக்கெட் என்னைக்கு?” ஜூலை 8. எக்செல்ல அதுக்கு மட்டும் கட்டம் இல்லை.

அப்பா ஒரு வார்த்தை சொல்லலை. பெத்தவங்க அப்படித்தான். நாம அழைச்சிட்டுப் போறோம்னு சொன்னா, அழைச்சிட்டுப் போனதாவே கணக்கு வச்சுக்குவாங்க. வீட்டுக்குள்ளயே நடப்பார். கதவு நிலையில தோளை இடிச்சுக்குவார். படியில கால் தடுமாறும். “புது வீடு, இன்னும் பழகலை”ம்பார். ஆறு மாசமாவா ஒரு வீடு பழகாதுன்னு எங்களுக்குத் தோணலை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

ஜூன் 29, வெள்ளிக்கிழமை ராத்திரி. அடுப்படி சன்னல் வழியா நிலா தெரியுது. பௌர்ணமி முடிஞ்சு அடுத்த நாள். அப்பா ஒரு பழைய கடித உறையோட பின்பக்கத்துல, அதே மாதிரி ஒரே இழுப்புல, என் மகளுக்கு இங்கிலாந்தை வரைஞ்சு காட்டுறார். அவளுக்கு எட்டு வயசு. அவ கேக்குறா, “தாத்தா, இந்த வெள்ளைப் பாறையை நீங்க பாத்திருக்கீங்களா?”

“இல்லடா கண்ணு. பாடம் நடத்தியிருக்கேன்.”

“பாக்காமயேவா நடத்துனீங்க?”

அப்பா சிரிச்சார். பதில் சொல்லலை. கூடத்துல மடிக்கணினியோட உட்கார்ந்திருந்த எங்க வீட்டுக்காரர் இதைக் கேட்டுக்கிட்டிருந்தார். ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, அதைப் பட்டுனு மூடினார். அடுப்படிக்கு வந்து, “மாமா, காலையில போறோம்”னார்.

“எங்க மாப்ளே?”

“தெரியலை மாமா. கடலுக்கு.”

நடுவர் ஐயா, எங்க கல்யாண வாழ்க்கையில அவர் வாயிலேருந்து ‘தெரியலை’ங்கிற வார்த்தையை நான் முதல் தடவை கேட்டது அன்னைக்குத்தான். (கைதட்டல்)

காலையில நாலு மணிக்கு எழுந்தேன். ஊர்லேருந்து அப்பா கொண்டுவந்த புளிக்காய்ச்சல் பாட்டில்ல மிச்சம் இருந்துச்சு. சோறு வடிச்சுக் கிளறி டப்பாவுல அடைச்சேன். ஒரு பிளாஸ்குல டீ. ஒரு ஜமக்காளம். ஆளுக்கு ஒரு மாத்துத்துணி. ‘எதைச் சாப்பிடுவீங்க’ன்னு தம்பி கேட்டதுக்குப் பதில் அவ்வளவுதான். அஞ்சு மணிக்கு வண்டி கிளம்பியாச்சு. ஜூன் மாசம் இங்கே அஞ்சு மணிக்கே பளிச்சுனு விடிஞ்சிருக்கும்.

டார்ட்ஃபோர்டு பாலத்துல பகல்ல போனா கட்டணம். ராத்திரி 10 மணியிலேருந்து காலை 6 மணி வரைக்கும் கிடையாது. நாங்க அஞ்சரைக்கே தாண்டிட்டோம். எங்க வீட்டுக்காரர் முகத்துல என்னா பூரிப்பு! “எட்டேகாலுக்குக் கிளம்பியிருந்தீங்கன்னா கட்டியிருப்பீங்க”ன்னேன். எக்செல் மிச்சப்படுத்தாத காசை அவசரம் மிச்சப்படுத்திக் குடுத்துச்சு.

எம்25லேருந்து காட்ஸ்டோன்கிட்ட இறங்குற இடத்துல பலகையில ‘ஈஸ்ட்போர்ன்’னு போட்டிருந்தது. முன் சீட்டுல இருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். “மாப்ளே! ஈஸ்ட்போர்னுக்கு மேற்கே பீச்சி ஹெட்! 162 மீட்டர்! இந்த நாட்டுலேயே உயரமான சுண்ணாம்புக் கடல்பாறை! இந்த ரோட்டுலயே போங்க!” அவ்வளவுதான், எங்க பயணத் திட்டம் தயார். 31 வருஷம் மனசுல போட்டு வச்ச வரைபடம். அவர் சொல்லச் சொல்ல வண்டி போச்சு. ஏறத்தாழ 80 மைல். ஏழரை மணிக்கு பர்லிங் கேப்புங்கிற இடத்துல இறங்கினோம். ‘காரை எங்கே நிறுத்துவீங்க?’ தம்பி, ஏழரை மணிக்குப் போனா எங்கே வேணும்னாலும் நிறுத்தலாம். பத்து மணிக்குத் திட்டம் போட்டு வர்றவருக்குத்தான் இடம் கிடைக்காது. (சிரிப்பு)

மேற்கே திரும்பினா ‘ஏழு சகோதரிகள்’னு பேரு வச்ச அந்தப் பாறை வரிசை. வெள்ளைன்னா வெள்ளை, துவைச்சுக் காயப்போட்ட வேட்டி மாதிரி. கீழே பச்சையும் நீலமுமா கால்வாய். அப்பா நின்னார். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் தலையை மெதுவாத் திருப்பித் திருப்பிப் பாத்தார், மேசை மின்விசிறி மாதிரி. ஒரு தடவை இல்லை, நாலஞ்சு தடவை. பூகோள வாத்தியார் இல்லையா, ரசிச்சுப் பாக்குறார்னு நினைச்சோம்.

படி வழியாக் கீழே இறங்கினதும் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து உள்ளங்கையில தேய்ச்சார். “31 வருஷம் இதோட பேரைச் சொல்லித்தானே வயித்தைக் கழுவினேன். இப்ப வர்ற சாக்பீஸ் ஜிப்சமாம். ஆனா பேரு இதோட பேருதான்”னார். என் மகளை உட்கார வச்சுப் பாடம் ஆரம்பிச்சாச்சு. எட்டுக் கோடி வருஷத்துக்கும் முன்னாடி கடல்ல மிதந்த, கண்ணுக்குத் தெரியாத உயிர்களோட ஓடு அடியில படிஞ்சு படிஞ்சு ஆனதுதான் இந்தப் பாறை. “இது ஏன் இவ்வளவு வெள்ளையா இருக்கு தெரியுமா? அலை அடியை அரிக்குது, மேல இருக்கிறது இடிஞ்சு விழுது. இடிஞ்சுக்கிட்டே இருக்கிறதாலதான் எப்பவும் புதுசா இருக்கு. இடியறது நின்னுபோச்சுன்னா புல்லு முளைச்சு மூடிரும்.” அங்கே மேல வரிசையா இருந்த வீடுகள்ல சிலது அப்படிப் பாறை அரிச்சு இடிச்சு எடுக்கப்பட்டவை. கல்லைத் தேய்ச்சு முடிச்சு அங்கேயே போட்டுட்டார். கடற்கரைக் கல்லை எடுத்துட்டுப் போகக் கூடாது, அதுக்கு 1949லயே சட்டம் இருக்கு.

இப்ப எதிரணிக்கு நானே ஒரு பிடி குடுக்கிறேன், ஐயா. நான் மறைச்சுப் பேச வரலை. எங்க வீட்டுக்காரரும் மகளும் தண்ணி ஓரமாவே மேற்கே நடந்து போனாங்க. தண்ணி நல்லா உள்வாங்கிக் கிடந்துச்சு. பாறைத் தளம் அகலமாத் தெரிஞ்சது. ரொம்ப தூரம் போயிட்டாங்க. ஒன்பதரை மணி இருக்கும். படிக்கட்டுப் பக்கத்துல என்கூட உட்கார்ந்திருந்த அப்பா திடீர்னு தலையைச் சாய்ச்சுக் கேட்டார்.

“அம்மாடி, சத்தம் மாறுது. கூழாங்கல்லு உருள்ற சத்தம் கிட்ட வருது. பௌர்ணமி முடிஞ்ச ரெண்டாம் நாளு, ஓதம் பெருசா இருக்கும். பிள்ளையைக் கூப்பிடு.”

நான் ஓடினேன், ஐயா. கூப்பிட்டுக்கிட்டே ஓடினேன். அவங்க திரும்பி வர்றப்பவே தண்ணி ஓரத்துல நடக்க வழியில்லாம மேட்டுப் பக்கமா வந்தாங்க. கொஞ்ச நேரத்துல அவங்க நின்னு விளையாடின இடமே தெரியலை. அந்தப் பாறைக்கு மேல ஏற வழி கிடையாது. ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறு பக்கம் கடல். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தா நான் இந்த மேடையில இந்தத் தலைப்புல பேசியிருக்க மாட்டேன். (அமைதி)

“பாத்தீங்களா, இதுக்குத்தான் திட்டம் வேணும்னோம்”னு எதிரணி சொல்லும். சொல்லுங்க. ஆனா ஒண்ணை யோசிங்க. எங்க எக்செல்ல ஊர் ஊரா எத்தனையோ கட்டம் இருந்துச்சு. கழிப்பறைக்கு இருந்துச்சு. ஓதத்துக்குக் கட்டம் இருந்துச்சா? இல்லையே! எங்களைக் காப்பாத்தினது தாள்ல இருந்த திட்டம் இல்லை, ஒரு வாத்தியார் காதுல இருந்த அறிவு. தெரிஞ்சு வச்சுக்கிறது வேற, திட்டம் போட்டுக்கிட்டே இருக்கிறது வேற. கடல் ஏறி, அடுத்து ஏற ஏறத்தாழ 12 மணி 25 நிமிஷம். நாளுக்கு நாள் ஒரு 50 நிமிஷம் தள்ளித் தள்ளி வரும். எந்த ஊர்ல எத்தனை மணிக்குன்னு அட்டவணையே போட்டு வச்சிருக்காங்க. பாக்க ரெண்டு நிமிஷம். பாறை ஓரத்துல நிக்காதே, அடியில ஒதுங்காதே, ஆபத்துன்னா 999ஐக் கூப்பிட்டுக் கடலோரக் காவலைக் கேளு. இதெல்லாம் தகவல். அஞ்சு நிமிஷ வேலை, அஞ்சு மாச வேலை இல்லை. கடலே நேரம் தவறாமத் திட்டம் போட்டு வருது. அதைத் தெரிஞ்சுக்கிட்டாப் போதும், அதுக்கு மேல நாம வேற ஏன் போடணும்? (கைதட்டல்)

அப்புறம் மேல புல்வெளியில, ஓரத்தை விட்டுத் தள்ளி ஜமக்காளத்தை விரிச்சுப் புளிச்சோறு சாப்பிட்டோம். சாயங்காலம் ஈஸ்ட்போர்ன்ல, மகள் கையில இருந்த சிப்ஸை ஒரு கடற்புறா வந்து கொத்திட்டுப் போச்சு. அதுவும் திட்டம் போடாம வந்ததுதான். ராத்திரி தங்க இடம்? ஒரு வயசான அம்மா நடத்துற விடுதியில கதவைத் தட்டினோம். யாரோ வரலைன்னு ஒரு அறை காலி. ஒரே ஒரு ராத்திரிக்கு, மறுபேச்சில்லாமக் குடுத்தாங்க. முன்கூட்டிக் கேட்டா ரெண்டு ராத்திரி எடுங்கம்பாங்க. காலி அறையை வச்சுக்கிட்டுச் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு ஒரு ராத்திரியே லாபம்தானே!

ஐயா, இந்த நாட்டுக்காரங்க கடற்கரையை ஒருநாள் லீவுக்காரங்கதான் வளர்த்தாங்க. பிரைட்டனுக்கு 1841ல ரயில் வந்துச்சு. 1871ல சட்டம் போட்டு வங்கி விடுமுறை குடுத்தாங்க. கையில ஒருநாள் லீவு, பையில டிக்கெட் காசு. அதை வச்சுக்கிட்டுக் கிளம்பினவங்களுக்காக எழும்பினதுதான் இந்தக் கடலோரத்துல பாதி ஊரு.

முடிக்கிறேன் ஐயா, மணியடிக்க வேண்டாம். ஜூலை 8ஆம் தேதி அப்பா ஊருக்குப் போனார். அக்டோபர்ல மதுரையில கண் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப டாக்டர் சொன்னார், க்ளாக்கோமா. கண்ணுல அழுத்தம். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. பக்கப் பார்வையைக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுக்கிட்டே வரும். போன பார்வை திரும்ப வராது. அப்பாவுக்கு ரெண்டு பக்கமும் போய், நடுவுல ஒரு குழாய் வழியாப் பாக்குற மாதிரிதான் மிச்சம் இருந்திருக்கு.

அப்பத்தான் எங்களுக்கு எல்லாம் விளங்குச்சு. கதவு நிலையில ஏன் இடிச்சார். படியில ஏன் தடுமாறினார். அந்தப் பாறை முன்னாடி நின்னு ஏன் மேசை மின்விசிறி மாதிரித் தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ரசிச்சுப் பாத்தார்னு நினைச்சோமே... துண்டு துண்டாப் பாத்து, மனசுக்குள்ள ஒட்டிக்கிட்டிருந்திருக்கார், ஐயா. இப்ப அந்த நடுப்பார்வையும் போயிருச்சு.

நாங்க ஜூலை 14ன்னு பிடிவாதமா இருந்து, “அடுத்த வருஷம் வாங்க மாமா, இன்னும் நல்லாத் திட்டம் போட்டு அழைச்சிட்டுப் போறோம்”னு சொல்லியிருந்தா? அடுத்த வருஷம் அந்தப் பாறை இருந்திருக்கும். கடல் இருந்திருக்கும். எக்செல் இருந்திருக்கும். பாக்குற கண்ணு இருந்திருக்காது.

ஆகவே ஒண்ணை மட்டும் திட்டம் போட்டுச் செய்யுங்க. நாப்பது வயசைத் தாண்டினவங்க கண் அழுத்தத்தை டாக்டர்கிட்ட அப்பப்பக் காட்டிக்கோங்க. உங்களைப் பெத்தவங்களையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. மத்ததுக்கு வண்டியில பெட்ரோல் இருந்தாப் போதும்.

இப்பவும் ஊர்ல சாயங்காலமானா தெருப் பிள்ளைகள் நாலு பேரு அப்பா திண்ணையில வந்து உட்காருது. அவர் தரையில விரலால, கையெடுக்காம ஒரே இழுப்புல இங்கிலாந்தை வரையறார். “கரை முழுக்க வெள்ளைப் பாறை. கூழாங்கல்லு உருள்ற சத்தம் கேக்கும்.” போன தடவை போனப்ப ஒரு பையன் கேட்டான், “தாத்தா, நீங்க பாத்திருக்கீங்களா?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். “பாத்திருக்கேன்டா.”

அந்த ஒரு வார்த்தைக்காகச் சொல்றேன், நடுவர் அவர்களே. பயணத்தில் பெரிதும் மகிழ்ச்சி தருவது நினைத்தவுடன் கிளம்புவதே, நினைத்தவுடன் கிளம்புவதே! (நீண்ட கைதட்டல்)